கோட்டுக்கு வெளியே ஓர் இருக்கை

இந்திய மகளிர் கால்பந்தைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் இரு வகைக்குள் அடங்கிவிடுகின்றன. ஒன்று, வென்ற கோப்பைகளின் கணக்கு. மற்றொன்று, வறுமையையும் வீட்டாரின் எதிர்ப்பையும் மீறி ஆடவந்த பெண்களின் கதை. இரண்டும் தேவையானவைதாம். ஆயினும் ஒரு விளையாட்டு ஒரு நாட்டில் வேரூன்றியதா என்பதை இவ்விரண்டைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. ஆடி முடித்தவர் அதன்பின் எங்கே போகிறார் என்ற கேள்வி அதைவிடக் கூர்மையானது. இருபது ஆண்டுகள் கால்களில் சேர்ந்த அறிவு ஒருவரோடு முடிந்துபோகிறதா, அடுத்த தலைமுறைக்குக் கைமாறுகிறதா? கைமாறுவதற்குத் திடலின் எல்லைக்கோட்டுக்கு வெளியே பயிற்சியாளரின் இருக்கை ஒன்று வேண்டும். அந்த இருக்கை முன்னாள் வீராங்கனைகளுக்குக் கிடைத்த வரலாறு மிகக் குறுகியது; அதனுள்ளும் இடைவெளிகள் அதிகம்.

ஆடவர் கால்பந்தில் இந்தப் பாதை நெடுங்காலமாகவே திறந்திருந்தது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய பி.கே. பானர்ஜி, ஆட்டத்திலிருந்து விலகியபின் கிழக்கு வங்கம், மோகன் பாகான் ஆகிய கழகங்களுக்கும் நாட்டின் அணிக்கும் பயிற்சியாளராகி, ஆட்டக்காரராகப் பெற்ற புகழுக்கு இணையான புகழை இரண்டாவது வாழ்விலும் பெற்றார். அமல் தத்தாவும் அவ்வாறே. கல்கத்தாவின் பெரிய கழகங்களுக்கு ஆண்டுதோறும் லீக் இருந்தது. லீக் இருந்ததால் பயிற்சியாளர் தேவைப்பட்டார். அவரைப் பழைய ஆட்டக்காரர்களிடையே தேடினார்கள். திறமையைவிட இந்தச் சுழற்சிதான் முதன்மையானது. ஆட்டம் நடந்தால்தான் பயிற்சியாளர் உருவாவார்.

மகளிர் ஆட்டத்தின் தொடக்கத்திலும் ஒரு முன்னாள் கல்கத்தா ஆட்டக்காரரே நிற்கிறார். சுஷில் பட்டாச்சார்யா 1940களில் கிழக்கு வங்கக் கழகத்துக்கு ஆடியவர். 1961இல் அக்கழகத்தின் முதல் பயிற்சியாளரானவர். பின்னர் இந்திய மகளிர் அணியின் முதல் பயிற்சியாளரும் அவரே. பெரிய கழகத்தின் பயிற்சியாளராக இருந்த ஒருவர், அன்றைய பார்வையில் வேடிக்கைக் காட்சியாகவே கருதப்பட்ட பெண்களின் ஆட்டத்தைக் கற்றுத்தர இறங்கிவந்தார் என்பது சிறிய செய்தியன்று.

அந்நாளில் இந்த ஆட்டத்துக்கு உரிமை கொண்டாடிய அமைப்பு அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு அல்ல. பெண்களுக்கென்று தனியாக 1975இல் இந்திய மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு தோன்றியது. அதன் தலைமையில் லக்னோவைச் சேர்ந்த பேகம் ஹமீதா ஹபீபுல்லா இருந்தார். ஆசிய அளவிலும் அப்போது மகளிர்க்குத் தனிக் கூட்டமைப்பே இருந்தது. ஃபிஃபாவின் அரவணைப்பு இல்லாத இந்த ஏற்பாட்டின் கீழ் இந்தியப் பெண்கள் பெற்ற வெற்றிகள் இன்றைக்கும் வியப்பூட்டுபவை. கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் இந்திய அணி தைவானை எதிர்த்து ஆடி 0-2 எனத் தோற்றது. 1981இல் ஹாங்காங்கில் மூன்றாம் இடம். 1983இல் பாங்காக்கில் மீண்டும் இறுதியாட்டம்; அதில் தாய்லாந்திடம் தோல்வி. ஆசியாவின் முதல் மூன்று இடங்களில் இந்தியா நின்ற அந்த நான்காண்டுகளுக்கு நிகரான காலம் அதன்பின் வரவில்லை. எதிரணிகள் அன்று இன்றைய அளவுக்கு வலுப்பெற்றிருக்கவில்லை என்பதும் உண்மை. சீனாவும் ஜப்பானும் ஆட்டத்தைத் தீவிரமாக எடுத்துக்கொண்டபோது படம் முற்றிலும் மாறிப்போயிற்று.

1983இல் சாந்தி மல்லிக் அர்ஜுனா விருது பெற்றார். கால்பந்துக்காக அவ்விருதைப் பெற்ற முதல் பெண். அடுத்த வீராங்கனை அதைப் பெற்ற ஆண்டு 2017. இடையே முப்பத்து நான்கு ஆண்டுகள். விருதுகளைக் கொண்டு ஒரு விளையாட்டின் உடல்நலத்தை அளப்பது சரியன்று என்று வாதிடலாம். ஆனால் ஒரு முழுத் தலைமுறை ஆடிமுடித்து, ஓய்வுபெற்று, தம் மகள்கள் ஆடும் பருவத்தையும் கண்டுவிடக்கூடிய காலம் அது. அத்தனை காலம் அரசின் கண்ணுக்கு எவரும் தென்படவில்லை எனில், குறை ஆடியவர்களிடம் இருந்திருக்க இயலாது.

அந்த முப்பத்து நான்கு ஆண்டுகளை முடித்துவைத்தவர் ஓய்னம் பெம்பெம் தேவி. இம்பாலில் 1980 ஏப்ரல் 4 அன்று பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது அவருடன் பந்தாடப் பெண்கள் இல்லை. ஆண்பிள்ளைகளின் ஆட்டத்தில் சேர்வதற்காக போபோ, அம்கோ என்னும் ஆண்பெயர்களைச் சூட்டிக்கொண்டு களமிறங்கினார் என அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய நிகழ்ச்சிதான். என்றாலும் ஒரு பெயர் என்ன வேலை செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அங்கே ஆடும் திறமைக்குத் தடையில்லை, உடலுக்கும் தடையில்லை, பெயருக்குத்தான் தடை. பெயரை மாற்றியதும் வாயில் திறந்துகொண்டது.

1990களின் தொடக்கத்தில் மகளிர் கால்பந்து அகில இந்தியக் கூட்டமைப்பின் பொறுப்பில் வந்து, அதன் கீழ் தேசியப் போட்டியும் தொடங்கிற்று. அந்தப் போட்டியை மணிப்பூர் தன் வீட்டுச் சொத்தாக்கிக்கொண்டது. இதுவரை இருபதுக்கும் மேற்பட்ட முறை அம்மாநிலமே வென்றிருக்கிறது. இவ்வளவு சிறிய மாநிலம் இதை எப்படிச் செய்தது என்ற கேள்விக்குப் பெண்கள் நடத்தும் இமா சந்தையையும், 1904, 1939 ஆண்டுகளின் நூபி லான் எழுச்சிகளையும் காட்டி விடை சொல்வது வழக்கம். பொதுவெளியில் பெண் நிற்பது அங்கு புதிதன்று என்பது அதன் சாரம். அதில் உண்மை உண்டு. ஆனால் அதே மண்ணில்தான் ஒரு சிறுமி ஆண்பெயர் சூடிக்கொண்டு ஆடவேண்டியிருந்தது என்பதையும் மறக்கலாகாது. சந்தை வேறு, திடல் வேறு. தெருவுக்குத் தெரு இருந்த உள்ளூர்க் கழகங்களும், அவற்றில் ஊதியமின்றிக் கற்றுத்தந்தவர்களும், பின்னர் வந்த காவல்துறை வேலைவாய்ப்பும் சேர்ந்தே அந்த வளத்தை உண்டாக்கின.

பெம்பெம் தேவி பதினைந்து வயதில், 1995ஆம் ஆண்டின் ஆசியப் போட்டியில், குவாம் அணிக்கெதிராக முதன்முறை இந்தியாவுக்காக ஆடினார். 2016 பிப்ரவரியில் ஷில்லாங்கில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் நேபாளத்தை 4-0 என வென்று தங்கம் பெற்றபின் விடைபெற்றார். இருபத்தோராண்டு காலம். எண்ணிக்கை பெரிதாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த ஆண்டுகள் எவற்றால் நிரம்பியிருந்தன என்று பார்த்தால்தான் உண்மை விளங்கும். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் இந்திய அணி சீனாவிடம் 0-16 எனத் தோற்றது. 2009இல், பதினெட்டு மாதங்களுக்கு மேலாக ஓர் ஆட்டமும் ஆடவில்லை என்பதால் ஃபிஃபாவின் தரவரிசைப் பட்டியலில் இந்தியாவின் பெயரே இல்லாமற்போனது. அணி தோற்றதால் பட்டியலிலிருந்து விழவில்லை. ஆடாததால் விழுந்தது. பெம்பெமுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. நடுக்கள ஆட்டக்காரர் ஒருவரின் மிகச் சிறந்த பருவம் அது. அந்தப் பருவத்தை இழந்தவர்களுக்கு அதைத் திருப்பித் தரும் அமைப்பு எதுவும் இல்லை.

2010இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் மகளிர் கால்பந்து சேர்க்கப்பட்டதும், அதே ஆண்டு இறுதியில் காக்ஸ் பஜாரில் முதலாவது சாஃப் மகளிர் போட்டி தொடங்கியதும் நிலைமையைச் சற்று மாற்றின. இந்தியா இரண்டையும் வென்றது. 2012இல் கொழும்பிலும் 2014இல் இஸ்லாமாபாத்திலும் சாஃப் பட்டத்தைத் தக்கவைத்தது. 2014இல் பெம்பெம் மாலத்தீவின் நியூ ரேடியன்ட் கழகத்துக்கு ஆடச் சென்றார். மூன்று ஆட்டங்களில் ஆறு கோல்கள். தொடரின் சிறந்த வீராங்கனையும் அவரே. முப்பத்து நான்காம் வயதில், ஒரு தீவு நாட்டுக்குச் சென்றுதான் அவர் வெளிநாட்டுக் கழக ஆட்டத்தின் சுவையை அறிய முடிந்தது. சொந்த நாட்டில் பெண்களுக்கென்று தேசிய லீக் அப்போது கிடையாது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். மணிப்பூரி மொழியில் ஆசிரியரையும், கலையோ விளையாட்டோ கற்றுத்தருபவரையும் ‘ஓஜா’ என்று மரியாதையுடன் அழைப்பர். உபாத்யாய என்னும் வடசொல்லிலிருந்து பிராகிருத வழியாகத் திரிந்து வந்த வடிவம் இது என்று கொள்ளப்படுகிறது. அதே வேரிலிருந்துதான் தமிழின் உவாத்தியும் வாத்தியாரும் பிறந்தனர். சிலம்பக் கூடத்திலும் குத்துச்சண்டைக் களத்திலும் நம்மவர் இன்றும் ‘வாத்தியார்’ என்றே அழைக்கின்றனர். வேறுபாடு ஒன்று உண்டு. மெய்தேய் மொழியில் இலக்கணப் பால் இல்லை. கற்றுத்தருபவர் ஆணாயினும் பெண்ணாயினும் ஓஜாவே. தமிழில் பெண்ணாயின் வாத்தியாரம்மா ஆகிவிடுகிறார். ‘பயிற்சியாளர்’ என்னும் புதுச்சொல் இருபாலுக்கும் பொதுவானது. எனினும் செய்தித்தாள்கள் ‘பெண் பயிற்சியாளர்’ என்றெழுதுகின்றனவேயன்றி ‘ஆண் பயிற்சியாளர்’ என்று எழுதிப் பார்த்தவர் இல்லை. எது இயல்பு, எது விலக்கு என்பதை அடைமொழி தானாகச் சொல்லிவிடுகிறது. மொழியில் பால்வேறுபாடு இல்லாமையால் சமூகத்திலும் அது இல்லை என்று முடிவுகட்டுவது பிழை. ஓஜா என்ற பொதுச்சொல் இருந்த ஊரில்தான் போபோவும் அம்கோவும் தேவைப்பட்டனர்.

2017ஆம் ஆண்டில் மூன்று நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நடந்தன. அவற்றைச் சேர்த்துப் படித்தவர் குறைவு.

முதலாவது, இந்திய மகளிர் லீக் தொடங்கியது. தில்லி அம்பேத்கர் திடலில் ஜனவரி இறுதியிலிருந்து பிப்ரவரி 14 வரை ஆறு அணிகள் ஆடின. மணிப்பூரின் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன், ஒடிசாவின் ரைசிங் ஸ்டூடண்ட்ஸ், அரியானாவின் அலக்புரா, புனே, ஐஸ்வால் ஆகியவற்றுடன் ஜேப்பியார் கல்லூரி அணியும் இருந்தது. மூன்று வாரத்துக்கும் குறைவான காலத்தில், ஒரே திடலில் நடந்து முடிந்த ஒன்றை லீக் என்று அழைப்பது சற்றுத் தாராளமான வழக்குதான். ஆயினும் தொடக்கம் தொடக்கமே. இறுதியாட்டத்தில் ஈஸ்டர்ன் ஸ்போர்ட்டிங் யூனியன் 3-0 என வென்றது. அந்த அணியில் பெம்பெம் தேவி ஆட்டக்காரராகவும் மேலாளராகவும் ஒருங்கே இருந்தார். நாட்டின் முதல் மகளிர் லீக்கை வென்ற அணியை வழிநடத்தியவர், லீக் என்பதையே காணாமல் இருபது ஆண்டுகள் ஆடியவர். கோட்டின் இருபுறமும் ஒரே நேரத்தில் நின்ற அந்த நிலை தற்செயலன்று. ஆட்டக்காரர் முதலில் ஓய்வுபெற்று, பின்னர் படித்து, அதன்பின் பயிற்சியாளராவது ஆடவர் கால்பந்தின் ஒழுங்கு. இங்கே அணியின் மூத்தவள் தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது ஆட்டத்தின் நடுவிலேயே நிகழ்ந்துகொண்டிருந்தது. அதற்குப் பதவிப் பெயர் கிடைத்ததுதான் புதிது.

இரண்டாவது, அதே ஆண்டு பெம்பெம் பெற்ற அர்ஜுனா விருது. 2020இல் பத்மஸ்ரீயும் வந்தது. கால்பந்துக்காக அப்பட்டத்தை கோஷ்டோ பால் பெற்ற ஆண்டு 1962. ஒரு வீராங்கனை பெறுவதற்கு மேலும் ஐம்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின.

மூன்றாவது நிகழ்ச்சிதான் இந்த வரலாற்றின் மையம். 2017 ஜூலையில் இந்திய மகளிர் அணியின் தலைமைப் பயிற்சியாளராக மேமோல் ராக்கி நியமிக்கப்பட்டார். கோவாவைச் சேர்ந்தவர், இந்தியாவுக்காக ஆடியவர். இந்த அணியின் தலைமைப் பயிற்சியாளரான முதல் பெண். அமைப்பு தோன்றிய 1975இலிருந்து எண்ணினால் நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு.

அவர் எந்த நிலையில் அணியைப் பெற்றார் என்பதை அறிந்துகொள்ள அதற்குச் சில மாதங்கள் முந்தைய பியோங்யாங் போட்டியைப் பார்க்க வேண்டும். 2017 ஏப்ரலில் ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் இந்தியா வட கொரியாவிடம் 0-8, தென் கொரியாவிடம் 0-10, உஸ்பெகிஸ்தானிடம் 1-7 எனத் தோற்றது. ஹாங்காங்கை மட்டும் 2-0 என வென்றது. தோல்விகளின் அளவு அதிர்ச்சி தரலாம், காரணம் எளியது. பயிற்சி முகாமிலிருந்து நேரே தகுதிச் சுற்றுக்குப் போவதும், சுற்று முடிந்ததும் அணி கலைந்து அவரவர் வேலைக்குத் திரும்புவதும், அடுத்த அழைப்பு எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாதிருப்பதும் பல்லாண்டு வழக்கமாக இருந்தன. இடையில் நட்புமுறை ஆட்டங்கள் மிக அரிது. பயிற்சியாளர் சொல்லித்தந்ததைச் சோதித்துப் பார்க்கவே களம் இல்லை. அவ்வாறான அணியை யார் வழிநடத்தினாலும் தென் கொரியாவுக்கு முன் நின்றிருக்க முடியாது.

மேமோலின் காலத்தில், குறிப்பாக 2018 நவம்பர் தொடங்கி 2019 இறுதி வரை, இந்த வழக்கம் உடைந்தது. யாங்கூனில் ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் முதற்கட்டம்: நேபாளத்துடன் 1-1, வங்கதேசத்துக்கு எதிராக 7-1, மியான்மரிடம் 1-2. வங்கதேச ஆட்டத்தில் பாலா தேவி மட்டும் நான்கு கோல்கள் அடித்தார். இந்திய மகளிர் அணி ஒலிம்பிக் தகுதிப் போட்டியின் இரண்டாம் கட்டத்துக்குச் சென்றது அதுவே முதன்முறை. அடுத்து நிகழ்ந்ததுதான் முக்கியம். அணியைக் கலைக்கவில்லை. 2019 ஜனவரியில் ஹாங்காங்கிலும் இந்தோனேசியாவிலும் நட்புமுறை ஆட்டங்கள், அதைத் தொடர்ந்து துருக்கியில் ஒரு போட்டித்தொடர், மார்ச்சில் நேபாளத்தின் பிராட்நகரில் சாஃப், ஏப்ரலில் மண்டலே. நான்கு மாதங்களில் முந்தைய பல ஆண்டுகளின் அனுபவம் அந்தப் பெண்களுக்குக் கிடைத்தது.

பிராட்நகரில் இந்தியா மாலத்தீவை 6-0, இலங்கையை 5-0, அரையிறுதியில் வங்கதேசத்தை 4-0 என வென்று, மார்ச் 22 அன்று நிறைந்த திடலில் நேபாளத்தை 3-1 எனத் தோற்கடித்தது. தொடர்ந்து ஐந்தாவது பட்டம். இறுதியாட்டத்தில் தலிமா சிப்பர் தொலைவிலிருந்து அடித்த ஃப்ரீகிக், பார்த்தவர் மறக்கக்கூடியதன்று. அரையிறுதியில் இரு கோல்கள் அடித்தவர் கடலூரின் இந்துமதி கதிரேசன். தமிழ்நாடு காவல்துறையின் உதவி ஆய்வாளர்.

தமிழ்நாட்டைப் பற்றி இங்கு சொல்வது பொருந்தும். 2018 பிப்ரவரியில் ஒடிசாவில் நடந்த தேசியப் போட்டியின் இறுதியில் மணிப்பூரை வீழ்த்தித் தமிழ்நாடு முதன்முறையாகப் பட்டம் வென்றது. அதற்கடுத்த ஆண்டு மதுரையின் சேது அணி இந்திய மகளிர் லீக்கை வென்றது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கடலூரில் வளர்ந்த பயிற்சி மையங்களும், கல்லூரி அணிகளும், காவல்துறை வேலையும் இதன் பின்னணி. இம்பாலில் நடந்ததன் மற்றொரு வடிவமே இது: உள்ளூர்ப் பயிற்சியும் ஒரு வேலையும் சேர்ந்த இடத்தில் ஆட்டம் வளர்கிறது.

மண்டலேயில் 2019 ஏப்ரல் 3 முதல் 9 வரை நடந்த மூன்று ஆட்டங்களே மேமோல் ராக்கியின் பயிற்சி வாழ்வின் உச்சம் எனலாம், கோப்பை எதுவும் கிடைக்காவிட்டாலும். இந்தோனேசியாவுக்கு எதிராக 2-0. இரண்டும் டாங்மெய் கிரேஸ் அடித்தவை. நேபாளத்துக்கு எதிராக 3-1. கடைசி ஆட்டம் போட்டியை நடத்தும் மியான்மருடன். இரு அணிகளும் ஆறு புள்ளிகளோடு நின்றன. கோல் வித்தியாசத்தில் மியான்மர் முந்தியிருந்தது. ஆகவே இந்தியாவுக்கு வெற்றி ஒன்றே வழி. பத்தாவது நிமிடத்தில் கடலூர் மாவட்டத்தின் சந்தியா ரங்கநாதன் முதல் கோலை அடித்தார். மியான்மர் சமன்செய்து முந்தியது. சஞ்சு சமன்செய்தார். இரண்டாம் பாதியில் ரத்தன்பாலா தேவி இந்தியாவை 3-2 என முன்னிலைக்குக் கொண்டுவந்தார். சில நிமிடங்கள் அந்த அணி மூன்றாம் கட்டத்தில் இருந்தது. இந்தியப் பெண்கள் அதுவரை தொடாத உயரம். பின்னர் மியான்மர் மீண்டும் அடித்தது. 3-3. இந்தியா வெளியேறியது.

இரண்டாண்டு இடைவெளியில் 0-10இலிருந்து 3-3. இந்த ஒப்பீட்டை அப்படியே ஏற்றுக்கொள்வது நேர்மையாகாது. தென் கொரியாவும் மியான்மரும் ஒரே படியில் இல்லை. ஆனால் ஒன்றைத் தயக்கமின்றிச் சொல்லலாம். சொந்தத் திடலில் ஆடும் மியான்மருக்கு எதிராக, பின்தங்கியபின் மீண்டெழுந்து முன்னிலை பெறும் திடம் முகாம்களில் உருவாவதன்று. அடுத்தடுத்த ஆட்டங்களில் உருவாவது. அதை உருவாக்கக்கூடிய பயிற்சியாளர் முன்பும் இருந்திருக்கலாம். ஆட்டங்கள் இருந்ததில்லை. இருபதாண்டு ஆடியும் போதிய ஆட்டங்கள் கிடைக்காத தலைமுறையின் ஒருவர், தாம் பெறாததைத் தம் மாணவிகளுக்குப் பெற்றுத்தர முடிந்த ஓராண்டு அது.

2019 டிசம்பரில் பொக்காராவில் தெற்காசிய விளையாட்டுப் போட்டியின் தங்கத்தை, நேபாளத்தை 2-0 என வென்று, இந்தியா மூன்றாம் முறையாகப் பெற்றது. இரு கோல்களும் பாலா தேவியுடையவை. அடுத்த மாதம் அவர் ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கழகத்தில் சேர்ந்தார். பின்பு பெருந்தொற்று வந்தது. பதினான்கு மாதங்கள் அணிக்கு ஆட்டமே இல்லை. 2021 பிப்ரவரியில் துருக்கியில் மீண்டும் களமிறங்கியபோது ரஷ்யாவிடம் 0-8. அதே பயணத்தில் உக்ரைனை எதிர்த்து 2-3 என ஒரு கோலில் மட்டுமே தோற்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் நினைவில் நின்றது எட்டு கோல்தான். ஜூலையில் மேமோல் ராக்கி தனிப்பட்ட காரணங்களுக்காகப் பதவி விலகினார். 2011 உலகக் கோப்பையில் சுவீடனை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுசென்ற தாமஸ் டென்னர்பி அந்த இடத்துக்கு வந்தார். ஆறு மாதங்களில், 2022 ஜனவரியில், இந்தியா ஆசியக் கோப்பையைத் தன் மண்ணில் நடத்தியது. ஈரானுடன் 0-0, அடுத்த ஆட்டத்துக்கு முன் அணிக்குள் தொற்று பரவி, களமிறக்கப் போதிய ஆட்டக்காரர் இல்லாமல் இந்தியா போட்டியிலிருந்தே விலகியதாகக் கருதப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சாஃப் பட்டமும் கைநழுவி வங்கதேசத்துக்குச் சென்றது.

டென்னர்பியின் தகுதியைக் குறைத்துப் பேசுவதற்கு ஒன்றுமில்லை. கேள்வி வேறு. ஆடவர் அணிக்கு வெளிநாட்டார் வந்துபோகும் காலங்களிலும் பழைய ஆட்டக்காரர்கள் கழகங்களில் பயிற்சியாளர்களாக வளர்ந்துகொண்டிருப்பர். தேசிய அணி அவர்களின் ஒரே வாயில் அன்று. மகளிர் ஆட்டத்தில் கழகங்கள் குறைவு, லீக்கின் காலம் குறைவு. பயிற்சியாளர் உரிமம் பல படிகளைக் கொண்டது. டி, சி, பி, ஏ, அதற்கு மேல் புரோ. ஒவ்வொரு படிக்கும் பணம் வேண்டும், நாட்கள் வேண்டும், எல்லாவற்றையும்விடக் கற்றதைச் செய்துபார்க்க ஓர் அணி வேண்டும். காவல்துறையிலோ ரயில்வேயிலோ பணியாற்றும், வீட்டுப் பொறுப்பும் சுமக்கும் முன்னாள் வீராங்கனை ஒருவர் அந்த ஏணியில் எத்தனை படி ஏற இயலும் என்பதைத் தனிமனித ஊக்கத்தின் கேள்வியாக மட்டும் பார்க்கலாகாது.

2024 பிப்ரவரியில் மற்றொரு முன்னாள் வீராங்கனை தலைமைப் பயிற்சியாளரானார்: மணிப்பூரின் லங்கம் சாவ்பா தேவி. துருக்கியின் அலன்யாவில் நடந்த தொடரில் இந்தியா எஸ்தோனியாவை 4-3 என வென்றது. ஐரோப்பிய நாடொன்றை இந்திய மகளிர் அணி வென்றது அதுவே முதன்முறை. தொடரின் முடிவில் இரண்டாமிடம். அவ்வாண்டு அக்டோபரில் காத்மாண்டுவின் சாஃப் போட்டிக்கு அணி சென்றபோது தலைமைப் பயிற்சியாளர் சந்தோஷ் காஷ்யப். ஓராண்டு கூட நிறையவில்லை. புதிய பயிற்சியாளர் தவறான தேர்வு என்பதன்று இங்கு வாதம். ஒருவர் பொருத்தமானவரா என்று அறிய எத்தனை ஆட்டங்கள் தேவை என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்க வேண்டும், அது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே. எஸ்தோனியாவை வென்ற அணியை ஒரு முழுச் சுழற்சிக்கு அவரிடமே விட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்பது வரலாற்றில் எழுதப்படாத பக்கம்.

கழக அளவில் படம் சற்று வேறு. கேரளத்தின் பி.வி. பிரியா, 2020 பிப்ரவரியில் கோகுலம் கேரளா அணியின் பயிற்சியாளராக இந்திய மகளிர் லீக்கை வென்றார். பெங்களூரில் நடந்த இறுதியாட்டத்தில் மணிப்பூரின் கிரிப்சா அணிக்கு எதிராக 3-2. 2025 ஜூலை 5 அன்று சியாங் மாயில் இந்தியா தாய்லாந்தை, அதன் சொந்த மண்ணில், 2-1 என வென்று 2026ஆம் ஆண்டின் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. 1983இல் பாங்காக் இறுதியில் இந்தியாவைத் தோற்கடித்த அதே தாய்லாந்து. தகுதிச் சுற்றில் ஆடி அந்தப் போட்டியில் இடம்பிடித்தது இதுவே முதன்முறை. இரு கோல்களும் வங்கத்தின் சங்கீதா பாஸ்ஃபோர் அடித்தவை. அன்று தலைமைப் பயிற்சியாளர் கிரிஸ்பின் சேத்ரி. அவருக்குத் துணைப் பயிற்சியாளராக அதே இருக்கை வரிசையில் இருந்தவர் பிரியா.